ஃபோர்க் தண்டில் வீட்டிலேயே மரை வெட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இரும்புச் சட்ட சைக்கிளைத் தூசி தட்டி ஓட்டக் கிளம்பும் எல்லோருக்கும் என்றைக்காவது இந்தச் சிக்கல் வரும். ஃபோர்க் வளைந்திருக்கும், இல்லை துருப்பிடித்திருக்கும். தேடி அலைந்து வேறொன்று வாங்கி வந்தால் அதன் தண்டு இரண்டு அங்குலம் அதிகமாக இருக்கும். அளவுக்கு அறுத்தால் மரையும் சேர்ந்து போய்விடும். மிச்சத்தில் நட்டு ஏறாது. அப்போதுதான் "மரை வெட்டும் டை ஒன்றை வாங்கி நாமே கொஞ்சம் மரை போட்டால் என்ன?" என்ற எண்ணம் வரும். எனக்கும் வந்தது. ஒரு ஃபோர்க்கைப் பாழாக்கிய பிறகு கற்றதும், அதன்பின் மூன்றை ஒழுங்காக முடித்துக் கற்றதும் கீழே.

ஃபோர்க் தண்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்கு மேலே, சட்டத்தின் தலைக்குழாய்க்குள் நுழைந்து மேலே எட்டிப் பார்க்கும் குழாய். கடைகளில் சிலர் ஸ்டியரர் என்பார்கள், சிலர் ஸ்டெம் என்றே சொல்லிக் குழப்புவார்கள். இங்கே ஸ்டெம் என்றால் ஹேண்டில்பாரைத் தாங்கித் தண்டுக்குள் இறங்கும் கம்பி மட்டும். தண்டின் மேல்முனையில் வெளிப்பக்கம் மரை இருக்கும். அதில் கோன்செட்டின் (தலைக்குழாயின் இரு முனையிலும் ஃபோர்க் திரும்ப உதவும் கப், குண்டுத் தொகுப்பு) மேல் கப், ஒரு வாஷர், லாக் நட்டு என்று வரிசையாக ஏறும். இவைதான் பால்ரஸ் குண்டுகளை ஆட்டமும் இல்லாமல், இறுக்கமும் இல்லாமல் வைத்திருக்கின்றன.

மரையே இல்லாத தண்டும் உண்டு. ஜான் ரேடரின் வடிவமைப்பை டயா-காம்ப் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் அஹெட்செட் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஸ்டெம் தண்டின் வெளிப்பக்கத்தைக் கவ்விப் பிடிக்கும், மரைக்கு வேலை இல்லை. இன்றைய கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் அதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் முடியுமா, முடியாதா?

ஏற்கெனவே இருக்கும் மரையைக் கீழ்நோக்கி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீட்டுவது முடியும். மொட்டைத் தண்டில் முதல் மரையிலிருந்து ஆரம்பிப்பது வேண்டாம். இரண்டும் ஒரே வேலை போலத்தான் தெரியும், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதில் பழைய மரையே டைக்கு வழிகாட்டி. இரண்டாவதில் உங்கள் கைதான் வழிகாட்டி, கை எப்படியும் சாயும்.

பிளம்பரிடம் ஒரு அங்குல டை இருக்கிறதே, அது போதாதா?

போதாது. வீட்டுத் திண்ணையில் ஜி.ஐ. குழாயை மாட்டி எண்ணெய் ஊற்றிச் சுற்றுவார்களே, அந்த டையின் ஒரு அங்குலம் வேறு, நம் ஒரு அங்குலம் வேறு. குழாய்க் கணக்கில் ஒரு அங்குலம் என்பது உள்துவாரத்தை வைத்து வந்த பெயர். அதன் வெளி விட்டம் ஏறக்குறைய 33 மி.மீ., மரை அங்குலத்துக்கு 11. சைக்கிள் தண்டோ நிஜமாகவே 25.4 மி.மீ., மரை அங்குலத்துக்கு 24.

ஹார்டுவேர் கடையில் "ஒன் இன்ச் டை" என்று கேட்டாலும் இதே கதைதான். அங்கே கிடைப்பவை போல்ட்டுக்கானவை: அங்குலத்துக்கு 8, 10, 12 மரை. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார். ஒன்றல்ல. 24 மரை உள்ள ஒரு அங்குல டை சைக்கிள் வேலைக்கென்றே செய்யப்படுவது. பார்க் டூல், வார், ஹோசான் போன்றவர்களின் கருவி வரிசையில் அதைப் பார்க்கலாம். பார்க் டூலின் எஃப்டிஎஸ்-1 என்ற கருவியில் டையோடு வழிகாட்டி வளையமும் வரும். விலையைப் பார்த்தால் ஒரு ஃபோர்க்குக்காக வாங்க மனம் வராது. பழைய சைக்கிள் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் நியாயம்.

என் தண்டில் இருப்பது எந்த மரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். வெர்னியர் அளவுகோல் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

முதலில் மரையின் மேல் வெளி விட்டத்தை அளக்க வேண்டும். 25.4-க்குச் சற்றுக் குறைவாக, 25.2 போலக் காட்டினால் அங்குலக் கணக்கு. 25-க்கும் கீழே இறங்கினால் பழைய பிரெஞ்சு அளவாக இருக்கலாம். பிறகு பத்து மரையின் நீளத்தை அளக்க வேண்டும். ஒரு மரையின் முகட்டில் ஆரம்பித்து, அதைப் பூஜ்யம் என்று எண்ணி, பத்தாவது முகடு வரை. 10.6 மி.மீ. வந்தால் அங்குலத்துக்கு 24, அதாவது உலகம் முழுக்கப் பரவலான அளவு. சரியாக 10 வந்தால் பிரெஞ்சு. 9.8-க்குப் பக்கத்தில் வந்தால் அங்குலத்துக்கு 26.

அந்த 26 தான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ராலே நிறுவனம் தன் சைக்கிள்களுக்கு ஒரு அங்குலத் தண்டில் 26 மரை போட்டது. விட்டம் ஒன்றே என்பதால் 24 நட்டு அதில் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும். "துருவாக இருக்கும்" என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தால் நட்டும் போச்சு, தண்டும் போச்சு. நம் ஊர் ரோட்ஸ்டர்களும் பிரிட்டிஷ் வழியில் வந்தவையே. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸும் பிரிட்டிஷ் கூட்டில் பிறந்ததுதான். அதனால் பழைய சைக்கிளை வைத்துக்கொண்டு எதையும் ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்.

ஒன்றேகால் அங்குலம், ஒன்றே அரைக்கால் அங்குலம் விட்டமுள்ள தண்டுகளில் 26 மரைதான் முறை. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

எவ்வளவு அறுப்பது, எவ்வளவு மரை நீட்டுவது? கணக்கைச் சொல்லுங்கள்.

தலைக்குழாயின் நீளத்தோடு கோன்செட்டின் அடுக்கு உயரத்தைக் கூட்ட வேண்டும். அடுக்கு உயரம் என்பது தலைக்குழாய்க்கு வெளியே, கீழும் மேலும் கோன்செட் எடுத்துக்கொள்ளும் மொத்த உயரம். கூட்டி வந்ததில் ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. கழித்துவிடுங்கள். லாக் நட்டின் மேல்விளிம்பு தண்டின் முனையில் முட்டிவிட்டால் அது எதையும் இறுக்காது, அதற்காகத்தான் இந்தக் கழிவு.

என் சைக்கிளையே எடுத்துக்கொள்ளலாம். தலைக்குழாய் 130 மி.மீ., கோன்செட் அடுக்கு 36. மொத்தம் 166, தண்டு 165 இருந்தால் போதும். கையில் இருந்த ஃபோர்க்கின் தண்டு, கீழே கோன் உட்காரும் படியிலிருந்து அளந்தால் 190. அதில் மேலே 40 மி.மீ. மரை, அதாவது 150-ஆவது மி.மீட்டரில் மரை நின்றுவிடுகிறது. 165-இல் அறுத்தால் மிஞ்சும் மரை 15 மி.மீ. மட்டும். மேல் கப், வாஷர், லாக் நட்டு மூன்றும் சேர்ந்து 24 மி.மீ. கேட்கின்றன. ஆக 141 வரை மரை கட்டாயம் வேண்டும். கப்பைச் சரிசெய்ய மூன்று மி.மீ. கூடுதலாக வைத்து 138 வரை இறக்கினேன். புதிதாக வெட்டியது 12 மி.மீ.

இந்தக் கணக்கைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு எழுதிப் பாருங்கள். மனக்கணக்கில் போட்டு அறுத்துவிட்டால் இரும்பு திரும்ப வளராது.

இன்னும் நிறைய, ஒரு எட்டு சென்டிமீட்டர், மரை போட்டுவிட்டால் என்ன? எதற்கும் இருக்கட்டுமே?

இது ஆபத்து. தண்டின் வெளி விட்டம் 25.4, உள் விட்டம் 22.2. சுவரின் கனம் வெறும் 1.6 மி.மீ. அதில் மரையின் ஆழம் சுமார் 0.65 போனால், பள்ளத்தில் மிஞ்சுவது ஒரு மி.மீட்டருக்கும் குறைவு. அதோடு ஒவ்வொரு மரைப் பள்ளமும் விரிசல் தொடங்க ஏற்ற இடம்.

இப்போது ஸ்டெம்மை நினைத்துப் பாருங்கள். அதன் அடியில் ஓர் ஆப்பு இருக்கிறது. மேலே போல்ட்டை இறுக்க இறுக்க அந்த ஆப்பு பக்கவாட்டில் நெருக்கித் தண்டின் உட்சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம் முழுக் கனமுள்ள இடத்தில் விழ வேண்டும். மரை அங்கே வரை இறங்கியிருந்தால், மெலிந்த சுவரை உள்ளேயிருந்து நாமே பிளக்கிறோம். ஆப்பு வைத்துக்கொள்வது என்று சொல்வோமே, அதன் நேரடி அர்த்தம் இதுதான். தண்டு ஒடிந்தால் ஹேண்டில்பார் கையோடு வரும், சைக்கிள் தன் வழியில் போகும். பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும்தான் தண்டுக்குச் சுமை அதிகம், ஆகவே ஒடிவதும் அப்போதுதான்.

தேவையான அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். ஸ்டெம்மில் குறைந்தபட்ச ஆழத்துக்கு ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு உள்ளே மறைந்திருக்கும்போது ஆப்பு மரை முடியும் இடத்துக்கு நன்றாகக் கீழே இருக்கிறதா என்பதையும் வெளியே வைத்து அளந்து பார்த்துவிடுங்கள்.

மொட்டைத் தண்டில் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? நிதானமாகச் செய்தால் வராதா?

என் முதல் ஃபோர்க் அப்படித்தான் போனது. நிதானத்துக்குக் குறைச்சலே இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். முனையை அரத்தால் சரிவாக்கி, டையை வைத்து, கண்ணால் நேர் பார்த்துச் சுற்றினேன். நாலு மரை அழகாக விழுந்த மாதிரி இருந்தது. துடைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஆழமான பள்ளம், எதிர்ப்பக்கம் நகக்கீறல். டை சாய்ந்து ஏறியிருக்கிறது. லாக் நட்டைப் போட்டுச் சுழற்றியபோது அது கரகாட்டச் செம்பு மாதிரி ஆடியது.

இப்படிச் சாய்ந்த மரையில் மேல் கப்பும் சாய்ந்தே உட்காரும். குண்டுகள் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் ஆடும். ஹேண்டிலைத் திருப்பினால் ஓர் இடத்தில் பிடிக்கும், இன்னோர் இடத்தில் லொடலொடக்கும். எவ்வளவு சரிசெய்தாலும் தீராது.

இன்னொரு காரணமும் உண்டு. அத்தனை மரையையும் முழு ஆழத்துக்குக் கையால் வெட்ட அசாத்திய பலம் வேண்டும். அந்த முறுக்கில் தண்டு வைஸுக்குள் வழுக்கும், நாம் இன்னும் இறுக்குவோம், குழாய் நசுங்கும். சைக்கிள் கருவி செய்பவர்களே இந்த டைகளை மரையைச் சுத்தம் செய்யவும் நீட்டவும்தான் என்று விற்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது ஒரு அங்குல மொட்டைத் தண்டு என்றால் மரையை மறந்துவிட்டு, ஒரு அங்குல அஹெட்செட் வகைக் கோன்செட்டும் அதற்கேற்ற ஸ்டெம்மும் தேடுங்கள். பெரிய ஸ்டெம்தான் கிடைக்கிறதா? நடுவில் போடும் மெல்லிய வளையம் இருக்கிறது. பழைய சைக்கிளின் தோற்றம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

எந்த உலோகத்தில் செய்யலாம்?

இரும்பில் மட்டும். குரோமோலி ஆனாலும் சாதா இரும்பு ஆனாலும் சரி. அலுமினியம், கார்பன் தண்டுகளில் மரை என்ற பேச்சே கிடையாது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பளபளவென்று குரோம் பூசிய தண்டு என்றால் அந்தப் பூச்சு டையின் பல்லைத் தின்றுவிடும். வெட்டப் போகும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் அறுப்பதா, முதலில் மரை போடுவதா?

மரை முதலில். நீளமான தண்டில் பழைய மரை முழுசாக இருக்கும்போது டைக்குப் பிடிமானம் அதிகம். அறுத்துவிட்டு ஆரம்பித்தால் அந்தச் சொகுசு போய்விடும்.

சரி, டையை எப்படி ஓட்டுவது?

பிடிப்பதில் ஆரம்பிப்போம். தண்டை வைஸின் இரும்புப் பல்லில் நேரடியாக மாட்டக் கூடாது. ஒரு கட்டைத் துண்டில் தண்டின் அளவுக்குத் துளை போட்டு, துளையின் நடுவே கட்டையை இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பாதிக்கும் நடுவே தண்டை வைத்து வைஸை இறுக்கினால் வழுக்காது, நசுங்காது. எனக்கு வேப்பங்கட்டை நன்றாக உழைத்தது. ஃபோர்க்கின் கால்களைப் பிடித்துக்கொண்டு முறுக்காதீர்கள், கால் திரும்பிவிடும்.

பழைய மரையைக் கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டுத் துருவில்லாமல் சுத்தம் செய்யுங்கள். சைக்கிள் டை பெரும்பாலும் ஓர் இடத்தில் பிளந்திருக்கும், அதை விரிக்கவும் சுருக்கவும் ஒரு சின்ன திருகு இருக்கும். முதல் ஓட்டத்துக்குக் கொஞ்சம் விரித்து வையுங்கள். டையின் ஒரு முகத்தில் பற்கள் சரிவாக ஆரம்பிக்கும். வெட்டும் முகம் அது, கீழே பார்த்து இருக்க வேண்டும்.

பழைய மரையில் டை வெறும் கையால் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அளவு தப்பு, அங்கேயே நிறுத்துங்கள். ஏறி, பழைய மரையின் கடைசிச் சுற்றுக்கு வரும்போது கையில் ஒரு கனம் தெரியும். அங்கிருந்துதான் வெட்டுவது தொடங்குகிறது. கட்டிங் ஆயிலைத் தாராளமாக விடுங்கள். இல்லையென்றால் எஞ்சின் ஆயில் சமாளிக்கும், துரு நீக்கும் ஸ்ப்ரே இந்த வேலைக்கு ரொம்ப மெலிசு. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னால் திருப்பும்போது 'நொறுக்' என்று ஒரு சத்தம் வரும், வெட்டுப்பட்ட சுருள் ஒடியும் சத்தம். அது வரும்வரை பின்னே போங்கள். சத்தம் வராமல் முன்னேயே போய்க்கொண்டிருந்தால் சுருள் பல்லுக்கு நடுவே சிக்கிப் புது மரையைக் கிழித்துவிடும்.

இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை டையை முழுக்கக் கழற்றி, பிசிரைத் துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி ஏற்றுங்கள். சலிப்பான வேலைதான். தண்டின் பின்பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருந்தால் அதன் விளிம்பில் டை தட்டும், அங்கே வேகம் கூடாது. குறித்த இடத்துக்கு வந்ததும் டையின் திருகைக் கொஞ்சம் சுருக்கி இரண்டாவது ஓட்டம். பிறகு மேல் கப்பைப் போட்டுப் பாருங்கள். விரலால் சுற்றி இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஒரேயடியாகச் சுருக்கி வெட்டினால் மரை மெலிந்து நட்டு லூஸாகும், அதற்கு மருந்து இல்லை.

அறுப்பதில் ஏதாவது சூட்சுமம் உண்டா?

உள்ளே விளிம்பில்லாத ஒரு பழைய லாக் நட்டை அறுக்க வேண்டிய இடத்துக்குக் கீழே வரை இறக்கிவிடுங்கள். இன்னொன்றை மேலே ஏற்றி நடுவில் பிளேடு போகும் இடைவெளி மட்டும் விடுங்கள். இரண்டு நட்டுக்கும் நடுவே ஆக்சா பிளேடு நேராகப் போகும். அறுத்ததும் வெளி விளிம்பையும் உள் விளிம்பையும் அரத்தால் மழுங்க விடுங்கள். உள்ளே பிசிர் இருந்தால் ஸ்டெம்மில் கோடு விழும். கடைசியாகக் கீழே இருக்கும் நட்டைக் கழற்றுங்கள், வரும் வழியில் அதுவே முதல் மரையை நேராக்கிவிடும்.

வாஷரில் ஒரு நாக்கு இருக்கிறதே, அதற்குப் பள்ளம் வேண்டாமா?

அந்த நாக்கு தண்டின் பின்பக்கப் பள்ளத்தில் உட்கார்ந்து, லாக் நட்டை இறுக்கும்போது மேல் கப்பும் கூடவே திரும்பிவிடாமல் தடுக்கிறது. அறுத்த பிறகு பள்ளம் வாஷர் நிற்கும் இடம்வரை இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் மெல்லிய அரத்தால் நீட்டலாம், ஆனால் நான் செய்வதில்லை. ஏற்கெனவே மெலிந்த சுவரில் இன்னொரு வெட்டு எதற்கு? நாக்கை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு வெறும் வாஷராகப் போட்டுக்கொள்கிறேன். கப்பை ஒரு ஸ்பேனரில் பிடித்து லாக் நட்டை இன்னொன்றில் இறுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை முயன்றால் வந்துவிடும். பள்ளமில்லாத தண்டில் நாக்கோடு வாஷரைத் திணிப்பதுதான் மோசம், அந்த நாக்கு சுற்றிக்கொண்டே மரையைச் சுரண்டும்.

மரை போதும், மேலே இரண்டு மூன்று சுற்று மட்டும் நசுங்கியிருக்கிறது. அதற்கும் டை வேண்டுமா?

வேண்டாம். சின்ன முக்கோண அரத்தால் நசுங்கிய பள்ளத்தை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். அல்லது ஒரு பழைய இரும்பு லாக் நட்டில் உள்பக்கம் மூன்று இடத்தில் வெட்டுப் போட்டு, எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஓட்டுங்கள், ஏழையின் டை அது. புது மரை வெட்டாது, கெட்டதைச் சீர்செய்யும்.

லேத் பட்டறையில் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் அவர் முகம் சுளிப்பார் என்று தெரிந்துகொண்டு போங்கள். கோயம்புத்தூரில் நான் போன முதல் பட்டறையில் ஃபோர்க்கைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "தண்டை மட்டும் கழட்டிக் கொண்டாங்க" என்றார்கள். பற்றவைத்த தண்டு கழலாது, கால்களோடு லேத்தின் பிடியான சக்குக்குள் நுழையவும் செய்யாது. இரண்டாவது இடத்தில் ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டார். போகும்போது கோன்செட்டின் மேல் கப்பைக் கையோடு கொண்டுபோங்கள். அங்குலத்துக்கு 24 என்று வாயால் சொல்வதைவிட, "இது ஏறணும்ணே" என்று கப்பைக் கொடுத்தால் குழப்பமே இல்லை.

எல்லாம் மாட்டியாச்சு. ஓட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு விரலை மேல் கப்புக்கும் தலைக்குழாய்க்கும் நடுவில் வையுங்கள். 'டக் டக்' என்று விரலில் பட்டால் ஆட்டம் இருக்கிறது. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிச் சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்தால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழ வேண்டும், நடுவில் எங்கும் நிற்கக் கூடாது.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள், ஸ்பேனர் பையில் இருக்கட்டும். புது மரையில் நட்டு ஒருமுறை இளகும், அது வழக்கம்தான், மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். இரண்டாவது தடவையும் இளகினால் ஸ்டெம்மை உருவி, டார்ச் அடித்து, மரை முடியும் இடத்தைச் சுற்றிலும் மயிரிழைக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த ஃபோர்க்கைக் காயலான் கடைக்குப் போடுங்கள், போடும் முன் தண்டை இரண்டாக அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்களைப் போலவே ஒருவர் அதைத் தேடி அலைந்து வாங்கிப் போவார்.